யாரு, எங்க போறீங்க?

இந்தக் கட்டுரையில் வரும் ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏற்காடு ஏரியிலிருந்து கிளம்பி லூப் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஓரிடத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டும். அதற்கு மேல் வழி சொன்னால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

2019 டிசம்பர் கடைசி வாரம். வேலை பெங்களூரில், அம்மா வீடு சேலத்தில். வருடக் கடைசி விடுமுறைக்கு வந்திருந்தேன். சேலத்துக்காரனுக்கு ஏற்காடு என்பது மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகும்போது வடக்கே தெரியும் ஒரு நீலச் சுவர். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அழைத்துப் போகிற இடம். இருபது கொண்டை ஊசி வளைவு, ஏரியில் படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், மிளகாய் பஜ்ஜி, இறங்கும்போது யாராவது ஒருவருக்கு வாந்தி. இவ்வளவுதான் ஏற்காடு என்று முப்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மலைமேல் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் மனிதர்கள் வீடு கட்டி, வெள்ளாமை செய்து, பிள்ளை பெற்று வாழ்கிறார்கள் என்பது தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும், உறைக்கவில்லை.

நடக்க ஆரம்பித்தது முதுகுவலியால். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து நடை. பிறகு வலி போனது, நடை நின்றது. வலி இல்லாமலே மறுபடி நடக்கத் தோன்றியபோது அது பழக்கமாகிவிட்டிருந்தது. கும்பகோணம், காரைக்குடி, புதுச்சேரி என்று பழைய ஊர்களின் தெருக்களில் காலையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு இறங்கி, வெயில் ஏறும்வரை சுற்றுவேன். அங்கெல்லாம் ஒரு வசதி உண்டு. தெரு எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்பதைச் சுவரும் கதவும் சொல்லிவிடும். செட்டிநாட்டு வீடுகளில் திறந்த கதவு வழியாக வாசல், முகப்பு, வளவு, பின்கட்டு வரைக்கும் ஒரே கோட்டில் கண் போய்விடும். கால் போகாது. எட்டிப் பார்க்கிறோம் என்பது நமக்கும் தெரியும், உள்ளே இருப்பவருக்கும் தெரியும். சில வீடுகளில் உள்ளே பார்க்கக் கட்டணமே வாங்குகிறார்கள். அது இன்னும் சுலபம். காசு கொடுத்தால் கூச்சம் போய்விடுகிறது.

மலையூர்களில் இந்த வசதி கிடையாது. அன்றைக்குக் காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, காலுக்குக் கீழே ஈரமான சருகு. பாதை ஒரு மேட்டில் ஏறி, வேலிக்கு நடுவில் இருந்த இடைவெளியில் நுழைந்து, சட்டென்று நின்றது. சாணி மெழுகிய வாசல். வாசல் முழுக்கக் காப்பிப் பழம் காயப்போட்டிருந்தது. பாதி சிவப்பு, பாதி கறுப்பு. ஓரத்தில் பலாமரம், அதன் கீழே கோழிக் கூடை. அதற்கப்புறம் இன்னொரு வேலி இடைவெளி, அதில் என் பாதை மறுபடி தொடர்ந்து மேலே போனது. அந்த வீட்டு வாசல் பாதைக்கு நடுவில் இருந்தது. வாசலுக்கு நடுவில் பாதை இருந்தது என்றும் சொல்லலாம்.

"யாரு கண்ணு? எங்க போறீங்க?"

திண்ணை மாதிரி இருந்த மேட்டில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்து முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார்.

"சேலம் ஆயா. சும்மா நடந்துட்டு இருக்கேன்."

"சும்மாவா?" அந்த வார்த்தையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சும்மா நடக்கறதுக்கா சேலத்துல இருந்து மேல வந்தீங்க?"

"இப்படிப் போனா ரோடு வருமாங்க?"

"வரும். காப்பிய மிதிக்காம ஓரமாப் போங்க."

போனேன். மொத்தம் பதினைந்து வினாடி இருக்கும். என் சட்டைப்பையில் இருந்த போன் அந்தப் பதினைந்து வினாடியையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

*

கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையும் பழக்கம் உண்டு. 2004ல் இங்கிலாந்தில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் சாலை, குளம், கோயில், கட்டடம் எதையும் சேர்க்கலாம், திருத்தலாம். விக்கிப்பீடியாவின் வரைபட வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பதை யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் செயலிகளில் பயன்படுத்தலாம். மலையேறுபவர்களும் சைக்கிள், பைக் ஓட்டுபவர்களும் கையில் வைத்திருக்கும் பல செயலிகளுக்கு அடியில் இருப்பது இந்தத் தரவுதான். காசு வாங்காமல் செய்யும் வேலை என்பதால் இதைச் செய்யும்போது எங்களுக்குள் ஒரு நல்லவன் நினைப்பு உண்டு. எனக்கும் இருந்தது. அன்று இரவு அம்மா சுட்ட தோசையைத் தின்றுகொண்டே நான் நடந்த பாதையை ஏற்றினேன். வெறும் பச்சையாக இருந்த இடத்தில் ஒரு மெல்லிய புள்ளிக்கோடு வந்தது. வேலி, வாசல், பலாமரம், மறுவேலி எல்லாவற்றையும் அது நேராகக் கடந்து போனது. வாசலுக்குத் தனியாக ஒரு குறியீடு வைக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

பிறகு ஊரடங்கு. 2022 ஜனவரியில்தான் மறுபடி அந்தப் பக்கம் போனேன். பாதை அகலமாகியிருந்தது. சக்கரத் தடம். மேட்டில் ஏறியதும் வேலி இடைவெளியில் மூங்கில் படல் ஒன்றைக் கட்டி, அதன் மேல் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். நான் நிற்பதைப் பார்த்து அந்த அம்மா உள்ளிருந்தே கத்தினார்.

"வழியில்ல! சுத்திப் போங்க!"

"ஆயா, நான் முன்னாடி ஒருக்கா வந்திருக்கேன். நடந்துதான் வந்தேன்."

எழுந்து வந்து பார்த்தார். என்னை ஞாபகம் இல்லை. ஆனால் வண்டி இல்லாமல் வந்தவன் என்பதால் படலைக் கொஞ்சம் நகர்த்தினார். வரக்காப்பி வந்தது. கதையும் வந்தது. கொரோனா விட்டபிறகு ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கில் பையன்கள் வருகிறார்கள். நாலு வண்டி, எட்டு வண்டி. காப்பி மேலேயே ஏற்றிப் போகிறார்கள். ஒரு தடவை கோழிக்குஞ்சு போயிற்று. ஒரு தடவை பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்த மருமகளை ஒருத்தன் படம் எடுத்தானோ இல்லையோ, கையில் போன் இருந்தது. கேட்டால், "போன்ல வழி காட்டுதுங்க" என்கிறார்கள்.

"எந்த நாயி போன்ல எங்க வாசலப் போட்டுச்சோ" என்றார்.

நான் காப்பியைக் குடித்தேன். வெல்லம் போட்ட காப்பி. ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, நன்றி சொல்லி, சுற்றுப் பாதையில் இறங்கி வந்துவிட்டேன்.

*

நான் செய்தது தவறா? தவறு என்றால், எந்த இடத்தில்? சும்மா நடந்ததிலா, பார்த்ததிலா, வரைந்ததிலா, காப்பி குடித்தபோது வாயை மூடிக்கொண்டிருந்ததிலா? கடைசியானது தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்றவற்றைப் பற்றித்தான் மூன்று வருடமாக என்னோடு நானே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சட்டத்தில் தேடினேன், பொறியாளன் புத்தி. 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் என்று ஒன்று இன்றும் இருக்கிறது. ஒருவர் நிலத்தின் வழியாக இன்னொருவர் இருபது வருடம் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், உரிமையாக நடந்தால் அந்தப் பாதையில் நடக்கும் உரிமை அவருக்கு உண்டாகிவிடும். இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது 'உரிமையாக' என்ற சொல். நிலத்துக்காரரின் அனுமதியோடு நடந்தால் அது கணக்கில் வராது. இருபது வருடம் என்ன, ஐம்பது வருடம் "போகட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு நடந்தாலும் உரிமை பிறக்காது. கேட்காமல் நடந்தவனுக்குத்தான் பிறக்கும். ஆக, சட்டப்படி பார்த்தால் அந்த அம்மா யாரையும் கேள்வி கேட்காமல் விடுவது ஆபத்து. வருகிறவர்களை எல்லாம் "யாரு, எங்க போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் வாசல் வாசலாகவே இருக்கும். அவர் இந்தச் சட்டத்தைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

நம் வீடுகளைக் கட்டியவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். திண்ணை வீட்டுக்காரருடையது, ஆனால் வழிப்போக்கர் உட்காரலாம். அதற்கடுத்து வாசற்படிக்கும் கூடத்துக்கும் இடையில் ஒரு குறுகலான இடம். தஞ்சாவூர்ப் பக்கம் ரேழி என்பார்கள், இடைகழி என்பது பழைய பெயர், எங்கள் வீட்டில் நடை என்போம். கால் நடப்பதும் நடை, எழுத்தின் போக்கும் நடை, வீட்டுக்குள் நுழையும் அந்த இடமும் நடை. முதலாழ்வார்கள் மூவரும் முதன்முதலாகச் சந்தித்ததாகச் சொல்லப்படும் இடம் திருக்கோவலூரில் ஓர் இடைகழிதான். இருட்டு, மழை. ஒருவர் படுக்க இடமிருந்தது, இரண்டாமவர் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள், மூன்றாமவர் வந்ததும் மூவரும் நின்றார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது பக்தி இல்லை. பின்னால் வந்த இருவரும் வெளியிலிருந்து இடமுண்டா என்று கேட்கிறார்கள், உள்ளே இருப்பவர் பதில் சொல்கிறார். அந்தக் கேள்வி பதில் இல்லாமல் நெருக்கிக்கொண்டு உள்ளே வந்திருந்தால் அது வேறு கதை.

சுவீடனில் யாருடைய காட்டிலும் வயலோரத்திலும் யாரும் நடக்கலாம் என்று ஓர் உரிமை இருக்கிறது. ஆனால் வீட்டைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் போகக் கூடாது. எத்தனை மீட்டர் வட்டம் என்று சட்டத்தில் எண் கிடையாது. ஸ்காட்லாந்தில் 2003ல் நடக்கும் உரிமையைச் சட்டமாக்கியபோதும் இப்படித்தான். வீட்டில் இருப்பவர் நியாயமான அளவு தனிமையோடு இருக்கத் தேவையான இடம் விலக்கு என்று எழுதினார்கள், அளவு எழுதவில்லை. முதலில் எனக்கு இது சோம்பேறித்தனமாகப் பட்டது. எண் இல்லாமல் நிரல் எழுத முடியாதே. இப்போது அப்படித் தோன்றவில்லை. அளவை அங்கே இருக்கும் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டதாக நினைத்தேன். நடப்பதோ பார்ப்பதோ தவறில்லை. கேள்வி கேட்கப்படக்கூடிய நிலையில் நடப்பவன் யோக்கியன். நடக்கிறவனை நிறுத்தலாம், கேட்கலாம், திருப்பி அனுப்பலாம். அவன் முகம் தெரியும், ஊர் தெரியும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட் போட்டுப் போகிறவனைக் கேட்க முடியாது. பெங்களூரில் உட்கார்ந்து கோடு போட்டவனைக் கேட்கவே முடியாது. அந்த அம்மாவின் கேள்வி எட்டாத இடத்தில் போய் நான் உட்கார்ந்துகொண்டதுதான் என் தவறு.

*

என் அலுவலக நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். விழுப்புரம் பக்கம் ஒரு காலனியில் வளர்ந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாரு, எங்க போறேன்னு கேக்கறது உங்களுக்கு அழகாத் தெரியுது" என்றார். அவ்வளவுதான். அப்புறம் வேறு விஷயம் பேசப் போய்விட்டார்.

எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது. சேலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தெருவில் புதிதாக ஒருத்தர் வந்தால் இதே கேள்விதான். "யாரது? எங்க போற?" 'போறீங்க' கிடையாது. வந்தவர் நடுத்தெருவில் நின்று, தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊர் பெயர் சொல்வார். ஊர் பெயர் போதாது, தெரு பெயர் வேண்டும். தெரு பெயர் தெரிந்தால் மற்றது தெரிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து நான் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

வைக்கத்தில் 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய போராட்டம் கோயிலுக்குள் போவதற்கானது அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடப்பதற்கானது. கேரளத் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைதானபோது ஈரோட்டிலிருந்து பெரியார் போனார், இரண்டு முறை சிறைப்பட்டார். மறுவருடம் முடிவில் மூன்று பக்கச் சாலைகள்தான் திறந்தன. அதே 1924ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எந்தச் சாதியினருக்கும் தடை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஒரு மனிதன் தெருவில் சும்மா நடப்பதற்குச் சட்டமன்றத் தீர்மானம் வேண்டியிருந்த நாடு இது. கேட்காமல், சொல்லாமல், துண்டை எடுக்காமல் நடக்கும் உரிமையை அவர்கள் வாங்கித் தந்தார்கள். அதற்கு நூறு வருடம் கழித்து நான் வந்து, கேட்டுவிட்டு நடப்பதே பண்பாடு என்று கட்டுரை எழுதப் பார்க்கிறேன்.

ஆகவே முந்தைய பகுதியின் முடிவை அப்படியே விட முடியாது. கேள்வி ஒன்றேதான், கேட்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதில் எல்லாம் மாறுகிறது. என் தாத்தா பொதுத்தெருவைத் தன் வாசலாக நினைத்துக் கேட்டார். அந்த அம்மா தன் வாசலைப் பொதுத்தெருவாக்கிவிட்டவர்களைக் கேட்கிறார். தாத்தாவுக்குப் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெருவில் நின்றவருக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, காப்பி நசுங்கும். இது போதுமான வேறுபாடா? போதும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் "யாரு" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் குரலும் சேர்ந்துதான் கேட்கிறது.

ஏற்காட்டிலேயே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். அதற்குப் பின் மலையின் பெரும்பகுதி எஸ்டேட்டுகளாயிற்று. இன்றும் லூப் ரோட்டின் இரண்டு பக்கமும் இரும்புக் கேட், சங்கிலி, 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' பலகை, சில இடங்களில் நாய்ப் படம். அங்கே யாரும் நம்மைக் கேள்வி கேட்பதில்லை. பலகை கேள்வி கேட்காது, பதில் மட்டும் சொல்லும். நானும் எந்த எஸ்டேட்டுக்குள்ளும் நடந்து போய்க் கோடு போட்டதில்லை, தோன்றியதுகூட இல்லை. இரும்புக் கேட்டைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிடுகிறது. வேலி இடைவெளியைப் பார்த்ததும் தானாக நுழைகிறது. யாரிடம் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டாம் என்பதை என் கால் எங்கே கற்றுக்கொண்டது?

இந்த ஊர்களில் இருப்பவர்கள் தங்களை மலையாளி என்கிறார்கள். கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் கிளம்பி வந்து, மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்றவர்கள் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் தங்கியதாக அவர்களுடைய கதை ஒன்று உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். அவர்களும் நடந்து வந்தவர்கள்தான். என்னிடம் அந்த அம்மா "சும்மாவா?" என்று கேட்டதில் ஒரு கிண்டல் இருந்ததை இப்போது புரிந்துகொள்கிறேன். அந்த மலையில் சும்மா நடக்கிறவர்கள் வெளியாட்கள் மட்டும்தான். மற்றவர்கள் விறகுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எஸ்டேட் வேலைக்கும் ரேஷனுக்கும் நடக்கிறார்கள்.

*

ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் இருக்கிறது. 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு கற்கோடாரியைக் கண்டெடுத்து, இந்திய மனிதனின் வயதைப் பல லட்சம் வருடம் பின்னுக்குத் தள்ளிய நிலவியலாளர். கடைசிக் காலத்தில் இந்த மலையில்தான் வாழ்ந்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. நடந்து நடந்தே இந்த நிலத்தைப் படித்த மனிதர். அவருடைய சேகரிப்பை 1904ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது, அதில் சேர்வராயன் மலையில் கிடைத்தவையும் உண்டு.

சேலம், தருமபுரிப் பக்கத்து மலையூர்களில் மரத்தடி மேடைகளில் மெருகேற்றிய புதிய கற்காலக் கோடாரிகளை நிறுத்திவைத்துப் பிள்ளையார் என்று கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சளும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, எல்லாம் ஒரே கறுப்பு. ஆய்வாளருக்கு அது நாலாயிரம் வருடத்துக் கருவி. ஊர்க்காரருக்குப் போன வாரம் பொங்கல் வைத்த சாமி. இருவரும் சொல்வது உண்மை. ஆனால் கருவி என்று சொன்ன மறுநிமிடம் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், எண் போடலாம், கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்றாகிவிடுகிறது. சாமி என்று சொன்னால் செருப்பைக் கழற்ற வேண்டும். நான் அந்த வாசலைப் 'பாதை' என்று பெயரிட்டபோது நடந்ததும் இதுதான். பொய் சொல்லவில்லை, பாதைதான். ஆனால் அந்தப் பெயரோடு வந்தவர்களுக்கு அது வாசலாக இருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

*

அழித்துவிடலாம்தானே என்று நினைப்பீர்கள். ஒரு நிமிட வேலை. 2022ல் சேலம் திரும்பிய அன்றிரவே அழிக்கத்தான் உட்கார்ந்தேன். இரண்டு காரணங்கள் தடுத்தன. நிலத்தில் இருப்பதை வரைய வேண்டும் என்பது அந்த வரைபடத்தின் அடிப்படை விதி. பாதை நிலத்தில் இருக்கிறது. நான் அழித்தால் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து இன்னொருவன் வரைவான், அவனுக்கு வாசலைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்காது.

மற்றது கொஞ்சம் பெரியது. மலையூர்களில் பிரசவ வலி எடுத்தவரைத் தூளி கட்டித் தூக்கிவரும் செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். வரைபடத்தில் இல்லாத ஊருக்கு 108 வழி கேட்டுக்கொண்டுதான் வரும். சாலை கேட்டு மனு கொடுக்கப் போனால் பாதை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்வார்கள். தனிமையைக் காப்பாற்றுகிறேன் என்று ஓர் ஊரை வெற்றுப் பச்சையாக விட்டுவிடுவதும் ஒருவகை அநியாயம். வெற்றிடம் என்று நினைத்துத்தானே முன்பொரு காலத்தில் மலைகளைத் தரிசு என்று எழுதிப் பிரித்துக் கொடுத்தார்கள்.

அதனால் அழிக்கவில்லை, குறியீடு மாற்றினேன். வண்டிகள் போகக் கூடாது என்று போட்டேன். நடப்பவர்களுக்கு என்ன போடுவது? 'எல்லாருக்கும்' என்று ஒன்று இருக்கிறது. 'தனியார்' என்று ஒன்று. 'பெர்மிஸ்ஸிவ்' என்று ஒன்று. உரிமையாளர் விடும்வரை போகலாம், அவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது அதன் பொருள். கிட்டத்தட்ட சரி. ஆனால் 'வாசலில் இருக்கும் அம்மா கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்லிவிட்டு, காப்பியை மிதிக்காமல் ஓரமாகப் போகலாம்' என்பதற்குக் குறியீடு கிடையாது. குறிப்புப் பெட்டியில் இதையே தமிழில் எழுதிவைத்தேன். செயலிகள் குறிப்பைக் காட்டுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

2023 பிப்ரவரியில் போய்ச் சொன்னேன். பைக் ஓசை குறைந்திருந்தது. என் திருத்தத்தால்தானா, படலாலா, தெரியாது. அந்த அம்மா கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"ஆயா, அன்னிக்கு நாயின்னு திட்டினீங்களே. அது நான்தான்."

புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கோபப்படவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போனில் காட்டு என்றார். காட்டினேன். பச்சையில் ஒரு புள்ளிக்கோடு, ஒரு சாம்பல் சதுரம்.

"இதுவா எங்க வூடு?"

"ஆமாங்க."

"பலாமரத்தக் காணோம்?"

பேரன் அப்போதுதான் வந்தான். சேலத்தில் பாலிடெக்னிக் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவன். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது, நான் பயந்த திசையில் இல்லை. "எதுக்குண்ணா வண்டிய நிறுத்துனீங்க? வர்றவங்க வரட்டும். நானே படல எடுக்கச் சொல்லிட்டு இருக்கேன்." வாசலோரம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, காப்பியும் மிளகும் பலாப்பழமும் விற்கலாம் என்பது அவன் திட்டம். எஸ்டேட்காரன் 'ஹோம் ஸ்டே' என்று ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும்போது நாம் மட்டும் ஏன் படல் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்றான். பாட்டி அவனைப் பார்க்காமல் கேழ்வரகைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. யாருடைய வாசல் என்ற கேள்விக்கு அந்த வீட்டுக்குள்ளேயே மூன்று பதில் இருந்தது. அதில் ஒன்று இன்னும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடமிருந்து போன்.

"அண்ணா, கடை போட்டுட்டேன். மேப்ல போட்டு விடுங்க. பேரு அனுப்பறேன்."

"ஆயா என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"அது கெடக்குதுண்ணா" என்றான்.